சுருட்டை முடியும் ஊரார் சீப்பும்



இந்த மேடைக்கு வருவதற்காக நேற்று இரவே தலைக்குக் கொட்டமுத்து எண்ணெய் வைத்துவிட்டேன். காலையில் அரப்பு போட்டு அலசி, வடிகஞ்சி ஊற்றி ஊறவிட்டு, முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே விரல்விட்டுச் சிக்கெடுத்தேன். துண்டால் அடித்துத் துவட்டவில்லை. பழைய பருத்திச் சேலையில் பொதிந்து பிழிந்தேன். இரண்டு காதுப் பக்கமும் ஒரு கற்றை எடுத்து முறுக்கி, பின்னால் கொண்டுபோய் ஊசி குத்தி, மீதியை அப்படியே விட்டு, சத்தியமங்கலத்து மல்லி ஒரு முழம் வைத்தேன். காய்ந்த பிறகு சீப்பு படவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது. உரையின் முதல் இரண்டு பக்கத்தை அதைவிட வேகமாக எழுதினேன்.

இந்தக் கைவேலை எனக்குப் பிடிபட்டது நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவரை எல்லாரையும்போலக் காய்ந்த தலையைச் சீப்பால் இழுத்தேன். அது புதர்போலக் கிளம்பியது. கிளம்பியதை அடக்க இன்னும் இழுத்தேன். சுருட்டை முடி தோலுக்குள்ளேயே வளைந்த குழியிலிருந்து வளைந்துதான் வருகிறது. வேரில் ஊறும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் நுனிவரை வழுக்கிப் போய்விடும். சுருளில் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் நுனி வறளும். ஈரத்தில் முடிக்குள் இருக்கும் சில பிணைப்புகள் அவிழ்ந்து, காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொள்ளும். காய்ந்தபின் சீவினால் ஒன்றாகச் சேர்ந்த சுருள்கள் தனித்தனி இழையாகப் பிரிந்து எழும். மேலே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று வேறு. இதில் அழுக்கும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே என் முடிக்கு வேறு பெயர் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரட்டைமலையார் நினைவாக நடக்கும் கூட்டத்தில் தலைமுடியைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று அமைப்பாளர் தோழர் போனில் கேட்டார். அவர் குரலில் இருந்தது கவலை. பஞ்சமி நிலம் இருக்கிறது, உள்ஒதுக்கீடு இருக்கிறது, ஆணவக்கொலை இருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் இரட்டைமலை சீனிவாசன் படித்தது இந்தக் கோயம்புத்தூரில். 1939-ல் வெளியான தன் சிறிய வாழ்க்கை வரலாற்று நூலில் அவர் அந்த நாட்களைச் சொல்கிறார். சுமார் 400 மாணவர்கள். 10 பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். மற்ற பையன்களோடு பழகினால் வீடும் குடும்பமும் சாதியும் தெரிந்துவிடும் என்ற பயத்தில், மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது இருந்து படிப்பார். மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் வேகமாக வீடு திரும்பிவிடுவார். தெரு தெரியக் கூடாது, பெயருக்குப் பின்னால் என்ன என்று தெரியக் கூடாது. ஒரு மாணவன் தன்னைப் பார்ப்பவர்களின் கண்ணுக்காக ஒவ்வொரு நாளும் தன்னைத் தயார்செய்துகொண்டு போன நகரம் இது. அந்தக் கண் நம் தலையைப் பார்த்த வரலாறுதான் இன்றைய பேச்சு.

கத்தியிலிருந்து தொடங்குகிறேன்.

கொங்குக் கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நாவிதர் இல்லாமல் சீர் நடக்காது. குடிமகன் என்றுதான் அவரை அழைப்பார்கள். மாப்பிள்ளைக்கு முகம் வழித்துவிடுவதிலிருந்து, மணவறையில் நின்று கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தைப் பாடுவதுவரை அவர் வேலை. அவர் வீட்டுப் பெண்கள் ஊருக்குப் பிரசவம் பார்த்தார்கள். பிறப்பும் கல்யாணமும் சாவும் அவர்கள் கைபட்டு நடந்தன. ஆகவே முடி வெட்டுவது இங்கே வெறும் முடி வெட்டுவதாக என்றைக்கும் இருந்ததில்லை. ஒரு மனிதனை 'ஊர்க்காரன்' என்று ஆக்கும் காரியங்களில் அது ஒன்று. அந்தக் கை எங்கள் வளவுக்கு வரவில்லை.

என் அப்புச்சிக்கு முடி வெட்டியது அவருடைய பங்காளி ஒருவர். வேப்பமரத்தடியில் ஒரு கல், ஒரு கத்தரி, ஒரு உடைந்த கண்ணாடித் துண்டு. கத்தரி ஆட்டு மயிர் வெட்டவும் அதுதான். அந்த மரத்தடி எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அங்கே நடந்தது கேலியும் சிரிப்புமாகத்தான் இருக்கும், சோகமாக அல்ல. அம்மிச்சி சொல்லுவாள், "உங்க அப்புச்சிக்குக் கல்யாணத்தன்னைக்கே ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கித்தான் கண்ணு கெடந்துச்சு." கல்யாணத்துக்கு ஒரு மனிதனுக்கு ஒழுங்காக முடி வெட்டிக்கொள்ள முடியவில்லை என்பதை அவள் நகைச்சுவையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்திருக்கிறேன்.

நாவிதரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகும் பேச்சு எனக்குப் பிடிக்காது. அவரும் ஊருக்குக் கட்டுப்பட்டவர். களத்தில் நெல்லும் சோளமுமாக ஆண்டுக்கு ஒருமுறை அளந்து போடும் தானியத்தை நம்பி வாழ்ந்தவர். எங்கள் தலையைத் தொட்டார் என்று தெரிந்தால் மறுநாள் ஊர் அவரிடம் தலை கொடுக்காது. தானியம் நின்றுவிடும். தீட்டு என்பதை அவர் நம்பியிருக்கலாம், நம்பாமலும் இருந்திருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர் கத்தியிடம் இல்லை. இன்று சலூன் வைத்திருக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் நம் கூட்டங்களுக்கு வருகிறார்கள். சிலர் ஊருக்குப் பயந்து இன்னமும் 'கத்தி சரியில்லைங்க, நாளைக்கு வாங்க' என்கிறார்கள். அந்த நாளை சில இடங்களில் இன்னும் வரவில்லை.

இது கொங்கின் தனிச்சொத்தும் அல்ல. அம்பேத்கர் சாதாராவில் கழிந்த தன் சிறுவயதை எழுதும்போது இதைச் சொல்கிறார். ஊரில் நாவிதர்கள் இருந்தார்கள், கூலி கொடுக்க வீட்டில் வசதியும் இருந்தது. ஆனாலும் எவரும் வெட்ட முன்வரவில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கு முடி வெட்டியது அவருடைய அக்கா. தம்பிகளின் தலையில் பழகிப் பழகியே அந்த அக்கா கைதேர்ந்தவரானார். பரோடாவும் கொலம்பியாவும் லண்டனும் பிறகு வந்தன. அதற்கு முன் அக்காவின் கத்தரி. நம் வீடுகளில் எத்தனை அக்காக்கள் இப்படி இருந்திருக்கிறார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

வெட்டாமல் விடுவது ஒரு வகை. வெட்டிக்கொள்ளக் கூடாது என்று தடுப்பது இன்னொரு வகை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் அவற்றைப் பட்டியலாகவே தருகிறார். தங்க வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. இவற்றின் நடுவே ஒன்று: ஆதிதிராவிடர் எவரும் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் எட்டுத் தடைகள் பதினொன்றாயின.

மாணவர்களிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டும்போதெல்லாம் அவர்கள் நிற்பது கிராப்பில்தான். முடியை வெட்டினால் இவர்களுக்கு என்ன நட்டம் என்று கேட்பார்கள். அந்தக் காலத்துக் கிராப்பு யார் தலையில் இருந்தது என்று பார்த்தால் விளங்கும். ரங்கூனுக்கும் கொழும்புக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்பியவன், பட்டாளத்துக்குப் போனவன், மிஷன் பள்ளியில் படித்தவன். கூலிக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவனின் தலை அது. தடை மயிருக்கு அல்ல, அந்த அறிவுக்கு. எங்கள் பக்கம் பட்டியல் போடாமலேயே காரியம் நடந்தது. கத்தி வராவிட்டால் கிராப்பும் வராது.

இரட்டைமலையார் 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்றது அது. சவரக்கடை என்ற சொல் அதில் இல்லை. அது வர இன்னும் 24 ஆண்டுகள் ஆயின, வந்ததும் வேறு சொல்லில். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இன்றைய 15-ஆம் பிரிவு விவாதத்துக்கு வந்தது. கடை என்ற சொல்லுக்கு எதுவரை பொருள் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அம்பேத்கர் தந்த விளக்கத்தின் சாரம் இது: கடை என்பது பொருள் விற்கும் இடம் மட்டுமல்ல, தேடி வருகிறவருக்குத் தன் சேவையைத் தர ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடம் எதுவும் கடைதான், உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, சேவை தர வேண்டும். தீண்டாமை ஒழிப்புப் பிரிவும் அதே நாளில்தான் நிறைவேறியது. அந்த வாசகத்தைப் படிக்கிறபோதெல்லாம் எனக்குச் சாதாரா வீட்டுத் திண்ணையில் அக்காவிடம் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பையன் தெரிகிறான். 1955-ல் சட்டம் வந்து சேவை மறுப்பு குற்றமானது. 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, வலுக்கட்டாயமாகத் தலையை மொட்டையடிப்பதையும் மீசையை மழிப்பதையும் பெயர் சொல்லியே குற்றமாக எழுத வேண்டி வந்தது. எழுத வேண்டி வந்தது என்றால் நடந்துகொண்டிருந்தது என்று பொருள்.

என் அப்பா சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு பஸ் ஏறி டவுனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வருவார். பஸ் காசும் வெட்டுக் காசும் ஏறக்குறைய ஒன்று. அவர் திரும்பி வந்ததும் முடியைப் பற்றிப் பேசமாட்டார், அரசியல் பேசுவார். எனக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. தமிழ்நாட்டில் டீக்கடைக்கு அடுத்தபடியாகப் பத்திரிகை உரக்கப் படிக்கப்பட்ட இடம் சலூன். திராவிட இயக்கம் ஊர் ஊராக வேர்விட்டதில் அந்த மரப் பெஞ்சுக்குப் பங்கு உண்டு. ஊர் சலூனில் நமக்கு நாற்காலி இல்லை என்றால் பெஞ்சும் இல்லை, பேப்பரும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. அப்பா டவுனுக்குப் போய் வாங்கி வந்தது கிராப்பை மட்டுமல்ல.

இதுவரை சொன்னது வெட்டுவது பற்றி. சுருள் பற்றி இன்னும் பேசவில்லை.

நம் மாவட்டத்து மலைகளுக்கும் சுருட்டை முடிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆனைமலைக்குப் போய்க் காடர்களை அளந்தார். மூக்கு, மண்டை, உயரம், முடி. 1909-ல் வந்த ஏழு தொகுதிகளில் அவை இருக்கின்றன. 1928-ல் பி.எஸ்.குகா, கொச்சிப் பக்கத்து மலைக் காடர்களில் சிலருடைய சுருள்முடியை வைத்து, அந்தமான் மக்களை ஒத்த ஓர் இனத்தின் தடம் இந்தியாவில் இருக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார். பின்னர் 1931 கணக்கெடுப்புக்காக அவர் செய்த இன வகைப்பாட்டிலும் அது முதல் வகையாக இடம்பெற்றது. அந்தக் கோட்பாடு பிற்பாடு கேள்விக்கு உள்ளானது. ஆனால் மலைமேல் ஒரு காட்டு மனிதரின் தலையில் கைவைத்து, சுருளின் இறுக்கத்தைப் பார்த்து, அவரை ஏணியின் ஒரு படியில் நிறுத்தும் பழக்கம் நூலகத்தோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு, ஒருவர் எந்த இனம் என்று முடிவு செய்ய முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் விழுந்தால் ஒரு வாழ்க்கை, விழாவிட்டால் இன்னொரு வாழ்க்கை.

நம்மிடம் பென்சில் சோதனை தேவைப்படவில்லை. இங்கே சுருட்டை முடி எல்லாச் சாதியிலும் இருக்கிறது. கவுண்டர் வீட்டிலும் இருக்கிறது, அக்கிரகாரத்திலும் இருக்கிறது. தமிழில் அதற்கு அழகான சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அளகம் என்கிறோம், சுரிகுழல் என்கிறோம். ஐம்பால் என்று கூந்தலை ஐந்தாகப் பிரித்தவர்கள் சுருளையும் அதில் ஒன்றாக எண்ணினார்கள். அப்படிப்பட்ட மொழியில் என் தலைக்குக் கிடைத்த சொல் 'பரட்டை'. 1977-ல் பதினாறு வயதினிலே வந்தபோது வில்லனுக்கு வைத்த பெயரும் அதுதான்; நான் படித்த காலத்திலும் வகுப்பில் அந்தப் பெயர் உயிரோடு இருந்தது. இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருப்பது ஒன்று. அதே காலத்தில், தலையைச் சுற்றி ஒளிவட்டம்போல எழுந்து நிற்கும் முடியோடு புட்டபர்த்தி சாமியாரின் படம் எத்தனை வீட்டுப் பூஜையறையில் மாலையோடு தொங்கியது! எங்கள் வளவுப் பையன் ஒருவன் அந்தத் தலையோடு ஊருக்குள் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2015-ல் பிரேமம் வந்த பிறகு கோவையில் கல்லூரிப் பெண்கள் சுருட்டையை அவிழ்த்துவிட்டு நடந்தார்கள், நல்லதுதான். அதற்குச் சில ஆண்டுகளிலேயே, முடியைக் கலர் செய்து மேலே தூக்கிவிட்ட நம் பையன்களுக்கு 'புள்ளிங்கோ' என்று பெயர் வைத்துச் சமூக ஊடகம் சிரித்தது. முடி ஒன்றுதான். எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது ஸ்டைல், அல்லது ரவுடித்தனம்.

ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர் என்னைப் பிரேயரில் தனியாக நிறுத்தினார். "தலை வாரிட்டு வரத் தெரியாதா? வீட்டுல சீப்பு இல்லையா?" வாரித்தான் வந்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, தேங்காயெண்ணெய் வழியவழியத் தடவி, இரட்டை ஜடை இறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தாள் அம்மா. இரண்டு கிலோமீட்டர் நடையில் காற்று அவள் வேலையைக் கலைத்துவிட்டது. அன்று சாயங்காலம் சொன்னதும் அம்மா டீச்சரைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து இன்னும் இறுக்கிப் பின்னினாள். நெற்றி ஓரம் வலிக்கும். பல ஆண்டுகள் அந்த ஜடைக்காக அவள்மேல் கோபமாக இருந்தேன். ஆதிக்க சாதியின் கண்ணை அவள் தன் கைக்குள் வாங்கிக்கொண்டு என் தலையில் இறக்கினாள் என்று முதுகலைச் சமூகவியல் படித்த திமிரில் ஒரு கட்டுரைகூட எழுதினேன்.

இப்போது அப்படி எழுதமாட்டேன். 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதியைக் காட்டும் நகைகளைக் கழற்றுங்கள், மற்ற பெண்கள் கட்டுவதுபோலச் சேலை கட்டுங்கள், சுத்தமாக இருங்கள் என்றார். கேட்ட பெண்கள் உடனே சேலைக்கட்டை மாற்றினார்கள். அது பணிவு அல்ல. உன் கண்ணுக்கு அடையாளம் கிடைக்காது போ என்று சொல்வது. என் அம்மா மகாடைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த ஐந்து மணி எண்ணெய்க்குள் இருந்தது அதுதான். அவள் கையில் இருந்த ஒரே ஆயுதம் சீப்பு. என் முடிக்கு அது பொருந்தாத ஆயுதம், அவ்வளவுதான்.

ஈரோட்டிலிருந்து வேறொரு குரலும் வந்தது. பெண்கள் கூந்தலை வெட்டிக் கிராப்பு வைத்துக்கொள்ள வேண்டும், முடியைப் பேணுவதில் ஆயுளைக் கழிக்கக் கூடாது என்று பெரியார் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்று காலை ஒன்றரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்றபோது அவர் சொன்னது சரிதான் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் பூ வைக்கக் கூடாது என்று தடை போட்ட மாவட்டத்தில் ஒரு பெண் பூவைத் தூக்கி எறிவதும், ஏற்கனவே முழங்கூந்தலில் பூ வைத்திருந்தவள் தூக்கி எறிவதும் ஒன்றல்ல. முதலாமவளுக்கு முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் இன்னும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அமைப்பு உருவானபோது அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தார்கள். அங்கே அந்த ஆண்டுகளில் கறுப்பின இளைஞர்கள் முடியைச் சுட்ட சீப்பால் நீட்டுவதை விட்டுவிட்டு இயல்பாக வளரவிட்டார்கள். அதற்கு முன் இரண்டு மூன்று தலைமுறைக் கறுப்பினப் பெண்கள் வேலைக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் முடியை நீட்டித்தான் போனார்கள். அந்தத் தொழிலில்தான் மேடம் சி.ஜே.வாக்கர் போன்ற கறுப்பினப் பெண்கள் பெரும் செல்வரும் ஆனார்கள். நாம் பெயரை எடுத்துக்கொண்டோம், நூல்களை மொழிபெயர்த்தோம், முடியை விட்டுவிட்டோம். நம் தலைவர்களின் சுவரொட்டிகளில் எல்லாம் படியப் படிய வாரிய தலைதான். ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும், மேலே சொன்னேன். ஆனால் ஏஞ்சலா டேவிஸ் பிற்காலத்தில் சலித்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். தன் அரசியலை மறந்துவிட்டு, தன்னை ஒரு சிகை அலங்காரமாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார். ஆகவே இயல்பான முடியோடு வந்தால் புரட்சி என்று யாரும் இங்கிருந்து கிளம்ப வேண்டாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபதுகளில் ஒரு கல்லூரி வேலைக்கான நேர்முகத்துக்குப் போக, விடுதி அறையில் துணியை விரித்து, தலையைச் சாய்த்து வைத்து, தோழி இஸ்திரிப் பெட்டியால் என் முடியைத் தேய்த்தாள். வலது காதின் மேல் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. உள்ளே போனதும் குழுவில் ஒருவர், "நீட்டா வந்திருக்கீங்க, குட்" என்றார். என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி, அப்பா என்ன செய்கிறார் என்று இரண்டு கேள்வி. வேலை கிடைக்கவில்லை. வெளியே வந்தபோது மழை பிடித்தது. ஈரம் பட்டதும் பிணைப்புகள் அவிழ்ந்து, பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் சுருள் சுருளாகத் திரும்பிவிட்டது.

இன்று இஸ்திரிப் பெட்டி வேண்டாம். காந்திபுரத்திலும் பீளமேட்டிலும் எந்தப் பார்லருக்குள் நுழைந்தாலும் ஸ்மூத்தனிங், கெரட்டின், ஸ்ட்ரெய்ட்டனிங் என்று விலைப்பட்டியல் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய். மில்லுக்குப் போய்வரும் அக்காவின் சம்பளத்தில் தங்கைக்குச் செய்துவிடுகிறார்கள். நான் அதைப் பழிக்கமாட்டேன், ஆனால் ஒரு தகவலைச் சொல்லாமல் இருக்க முடியாது. இவற்றில் சில கலவைகளைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது. அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022 அக்டோபரில் வெளியானது. முடி நீட்டும் இரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு என்று அது கணக்கிட்டது. தொடர்பு தெரிகிறது, காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. பார்லரில் வேலை செய்யும் பெண்கள் அந்தப் புகையை நாள் முழுதும் சுவாசிக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

என் அண்ணன் மகள் இன்ஜினியரிங் முடித்துவிட்டாள். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வரும் வியாழக்கிழமை நேர்முகம். என் தலையும் அவள் தலையும் ஒரே தலை. பார்லருக்குப் பணம் கேட்டு வந்தாள். நான் இந்த உரையில் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ராமநாதபுரம், சாதாரா, மகாட் எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். "சரிங்கத்தை. வேலை கிடைச்சதுக்கப்புறம் சுருட்டையா விட்டுக்கறேன். முதல்ல உள்ள போகணும்ல?" என்றாள். இரட்டைமலையார் மணி அடித்தபின் வகுப்புக்குள் போனதும் அதற்குத்தானே? என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை என் கையால் முயன்று பார்ப்பது, பிடிக்காவிட்டால் பார்லர். ஆளிவிதையை வேகவைத்து, ஆறுவதற்கு முன்பே மெல்லிய துணியில் வடிகட்டி, கொழகொழப்பான சாற்றை எடுத்துக்கொண்டேன். அரப்பு போட்டு அலசிய ஈரத்தலையில் அதைப் பூசி, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தேன். பக்க வகிடு. ஈரத்திலேயே எல்லாவற்றையும் கழுத்தடியில் சேர்த்துத் தாழ்ந்த கொண்டையாகச் சுற்றி, நெற்றி ஓரத்துக் குட்டிச் சுருள்களை இழுத்துப் படியவைக்காமல் விட்டேன். ஒரு பருத்தித் துணியைத் தலையோடு இறுக்கிக் கட்டி அரைமணி நேரம் உட்காரவைத்தேன். அவிழ்த்ததும் அவள் கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தாள். இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, போனில் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினாள். தோழி சூப்பர் என்று எழுதி, இன்டர்வியூவுக்கும் இப்படியேவா என்று ஒரு கேள்வியும் போட்டிருந்தாள்.

பதில் எழுதாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை காத்தடிக்குமா அத்தை?" என்று கேட்டாள்.